மன்னிப்பு மிலிட்டரி

மேடையில் ஒரு ராணுவச் சீருடை ஏறியதைப் பார்த்ததும் பச்சையப்பன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான்.

அதுவரை அவனுக்கு அங்கே நிற்கிற எண்ணமே இல்லை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துத் தேர்தல். கும்மிடிப்பூண்டி பஜாரில் எம்.எல்.ஏ. குப்புராஜின் கூட்டம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் பச்சையப்பன், ஷிப்ட் முடிந்து நீலச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கூட்டம் ரோட்டை அடைத்திருந்ததால் சைக்கிளை உருட்ட வேண்டியதாயிற்று. குப்புராஜின் முகத்தை இலவசமாகக் காட்டினாலும் நின்று பார்க்கிறவன் அல்ல அவன்.

ஆனால் குப்புராஜின் பக்கத்தில் நின்றவன் ஆலிவ் பச்சைச் சீருடையில் இருந்தான். தோளில் மூன்று நட்சத்திரங்கள். கேப்டன்.

"யாரு தெரியுதா? என் மாப்பிள்ளை! கேப்டன் பார்த்திபன்!" குப்புராஜ் மைக்கில் முழங்கினார். "ஆர்.கே.பேட்டையில ஏர் புடிச்சவன் புள்ள. இன்னிக்கு நாட்டையே காவல் காக்கறாரு. லீவுல வந்த எடத்துல மாமனுக்காக ரெண்டு வார்த்தை பேசப் போறாரு!"

கேப்டன் தலையை ஆட்டி மறுத்தான். குப்புராஜ் மைக்கை அவன் கையில் திணித்தார். மறுபடியும் மறுத்தான். கூட்டம் விசிலடித்தது. முன்வரிசையில் அவன் மனைவி திலகவதி வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இளரத்தம், புதுக் கல்யாணம், எதிரே ஆயிரம் முகங்கள். கேப்டன் மைக்கை வாங்கிவிட்டான்.

"எதிர்க்கட்சித் தலைவரை எங்க பார்டருக்கு ஒரே ஒரு நாள் அனுப்பி வைங்க," என்றான். "முதல் குண்டு வெடிச்சதுமே கட்சி மாறி அந்தப் பக்கம் போயிடுவாரு!"

பஜாரே அதிர்ந்து சிரித்தது. சிரிப்பு ருசி கண்ட கேப்டன் இன்னும் இரண்டு போட்டான். கடைசியில், "மாமாவுக்கே ஓட்டுப் போடுங்க" என்று சல்யூட் அடித்து முடித்தான்.

பச்சையப்பனும் சிரித்தான். மூன்று வருஷம் கழித்து அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஜோக்குக்கு அல்ல. மேடைக்குக் கீழே கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற கேபிள் டிவி அஸ்கர் அலியைப் பார்த்துத்தான் சிரித்தான். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே கேமரா பச்சையப்பனைப் பிடித்திருந்தது.

அப்போது அவன் ராணுவத்தில் ஹவில்தார். அடுத்த படி நாயிப் சுபேதார். அதற்கு இன்னும் சில மாதங்களே பாக்கி. குடியரசு தினத்தன்று லீவில் ஊரில் இருந்தான். ஊர் பெருமாள்கண்டிகை. வந்த அன்றே வயலுக்குப் போனான். சம்பாக் கதிர் பால் பிடிக்காமல் செம்பட்டை முடி மாதிரி நின்றது. ஏரிக் கால்வாயில் தண்ணீர் கஷாய நிறத்தில் ஓடியது. கையை நனைத்ததும் விரலிடுக்கு எரிந்தது. ஏதோ ஒரு கம்பெனிக் கழிவை டேங்கர் லாரியில் கொண்டுவந்து கால்வாயில் திறந்துவிடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். லாரி குப்புராஜின் தம்பியுடையது என்பதும் தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று கிராம சபை. ஊரில் குடியிருக்கிற எவரும் பேசலாம். பச்சையப்பன் எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"எல்லையில என்னைச் சுடறவன் எதிரின்னு எனக்குத் தெரியும். அவன் கையில துப்பாக்கி இருக்கும், நான் குனிஞ்சுக்குவேன். இங்க நம்ம எம்.எல்.ஏ. கால்வாயில விஷத்த உடறாரு. அவருக்கு நாமளே ஓட்டும் போட்டு மாலையும் போட்டோம். எப்படிக் குனியறது?"

கைதட்டல் அடங்கவே இல்லை. அஸ்கர் அலியின் லோக்கல் சேனலில் அது திரும்பத் திரும்ப ஓடியது.

லீவு முடிந்து யூனிட்டுக்குப் போனால், அவனுக்கு முன்னாலேயே சி.டி. போய்ச் சேர்ந்திருந்தது. கூடவே எம்.எல்.ஏ.வின் புகார். சீருடை போட்டவன் அரசியல் தலைவரைப் பொதுக் கூட்டத்தில் தூற்றலாமா? கூடாது. லீவில் இருந்தாலும் கூடாது, வேட்டி கட்டியிருந்தாலும் கூடாது. அதுதான் சட்டம். தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்லி, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, லெஃப்ட் ரைட் போட வைத்துக் கர்னல் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"சார், நான் சொன்னது அத்தனையும் உண்மை" என்றான் பச்சையப்பன் இந்தியில்.

கர்னல் நல்ல மனிதர்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ சொன்னது உண்மையா என்று நான் கேட்கவில்லை, ஹவில்தார். சொன்னாயா என்றுதான் கேட்கிறேன்."

"சொன்னேன் சார்."

அவ்வளவுதான். அவனுடைய சர்வீஸ் ஏட்டில் சிவப்பு மை விழுந்தது. அது விழுந்தால் பதவி உயர்வு நின்றுவிடும். கோர்ட் மார்ஷல் வரை போகாமலிருக்க எம்.எல்.ஏ.வுக்கு மன்னிப்பு எழுதிக் கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தான்.

அதோடு விட்டிருந்தால்கூட பச்சையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மறந்திருப்பான். குப்புராஜ் விடவில்லை. மே தினத்துக் கிராம சபைக்கு அவரே வந்து, அதே மைக்கில், அந்த மன்னிப்பை நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'தங்கள் காலில் விழாத குறையாக' என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "காலு இங்கதான்பா இருக்குது, ஆளத்தான் காணோம்" என்றார். ஊர் சிரித்தது. அவனுக்காகக் கைதட்டிய அதே ஊர்.

அன்று முதல் அவன் பெயர் 'மன்னிப்பு மிலிட்டரி'. ரேஷன் கடையில் அவன் மனைவி அஞ்சம்மாள் நின்றால், "மன்னிப்பு ஊட்டுக்கு சக்கரை போடுப்பா" என்றார்கள். அடுத்த லீவில் வந்தவன் நேராகக் குப்புராஜ் வீட்டுக்கே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான். அவர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "சோறு, துணி, துப்பாக்கி அல்லாம் வாங்கிக்கினு வாயை கவர்மெண்டுல அடகு வெச்சவன் நீ. மீட்டுக்கினு வந்து பேசு."

போன வருஷம் ஹவில்தாராகவே பென்ஷனில் வந்தான். மீட்டுக்கொண்டுதான் வந்தான். ஆனால் கிராம சபையில் எழுந்து நின்றதும் பின்னாலிருந்து எவனோ, "மன்னிப்பு!" என்று குரல் கொடுத்தான். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. பச்சையப்பன் உட்கார்ந்துவிட்டான். இனி அந்த வார்த்தைகள் அவன் வாயிலிருந்து வந்தால் செல்லாது என்று அன்றைக்குப் புரிந்தது. அவை குப்புராஜின் வாயிலிருந்தே வர வேண்டும். அதே ஊரில், அதே மைக்கில்.

எப்படி வரவழைப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அஸ்கர் அலி ஷட்டரைத் தூக்கும்போதே பச்சையப்பன் வாசலில் நின்றான். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை அஸ்கர் அலி. பஜாரில் கேபிள் ஆபீசும் சி.டி. கடையும் ஒரே அறையில் நடத்துகிறவன்.

"வா மிலிட்டரிணா. நாஷ்டா ஆச்சா?"

"நேத்து மாப்பிள்ளை பேசினாரே, அத்த ஒரு சி.டி. போட்டுக் குடு."

அஸ்கர் அலி அவனை ஏற இறங்கப் பார்த்தான். புரிந்துவிட்டது. "அன்னிக்கு உன்னோடத அவங்க ஆளு வந்து கேட்டான், குடுத்தேன். இன்னிக்கு அவங்களோடத நீ கேக்கற, குடுக்கறேன். நமக்கு அல்லாரும் கஸ்டமருதான். பேஜாரு ஆச்சுன்னா மட்டும் என் பேரை இழுக்காதணா."

"அன்னிக்கு என் பேரை இழுக்கச்சொல்லோ கம்முனுதானே இருந்த?"

அஸ்கர் அலி சி.டி.யைப் போட்டு, தானே அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுச் சரிபார்த்து, உறையில் போட்டுக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

குப்புராஜ் வீட்டில் கட்சிக்காரர்கள் பந்தியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சையப்பனைப் பார்த்ததும் ஒருவன் இன்னொருவனை இடித்தான். "தோ, மன்னிப்பு வந்துகினு இருக்கு."

"இன்னா மிலிட்டரி," குப்புராஜ் உள்ளறையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். "ஓட்டுக் கேக்க நான்தான் உன் ஊட்டுக்கு வரணும். நீயே வந்துட்ட?"

பச்சையப்பன் கதவைச் சாத்தினான். சி.டி.யை எடுத்துக் காட்டினான். என்ன இருக்கிறது என்று சொன்னான். அதை எந்த விலாசத்துக்கு அனுப்பினால் யார் கையில் போய்ச் சேரும் என்பதையும் சொன்னான்.

குப்புராஜ் சிரித்தார். "யோவ், அந்த ரூலெல்லாம் உன்ன மாதிரி சிப்பாய்ங்களுக்குய்யா. ஆபீசருக்கு யாரு ரூல் போடறது?"

இதைத்தான் பச்சையப்பன் எதிர்பார்த்திருந்தான். சட்டத்தைக் கையில் எடுத்து ஒருவனை அடித்த மனிதர், அது தடி என்று மட்டும்தான் நினைத்திருந்தார். தன் வீட்டுக்குள்ளும் அது செல்லுபடியாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒரே ரூல்தான் சார். ஆபீசருன்னா இன்னும் கெட்டி. எனக்காச்சும் ஊருக்காகப் பேசினேன்னு ஒரு சாக்கு இருந்துச்சு. உங்க மாப்பிள்ளை யூனிபாரத்தோட மேடையேறி ஓட்டே கேட்டுட்டாரு. எனக்கு செவப்பு மையோட போச்சு. அவருக்கு வேலையே பூடும்."

குப்புராஜின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "அந்தப் பையன் உனக்கு இன்னாய்யா பண்ணான்?"

"ஒன்னியும் பண்ணல. என் நெலம் உங்களுக்கு இன்னா பண்ணுச்சு?"

"சரி, இன்னா வோணும்? சொல்லு. நெலத்துக்கு எதுனா பாத்துச் செஞ்சு உடறேன்."

"நாளைக்குச் சாயங்காலம் எங்க ஊருல கூட்டம் போடறீங்க இல்ல? அதுல, மைக்ல, 'பச்சையப்பன் சொன்னது நெசம். லாரி என் தம்பிது. தெரிஞ்சேதான் உட்டேன்'னு நீங்க சொல்லணும். சொன்னா, அங்கியே அல்லாரு முன்னாலயும் இத்த ஒடச்சுப் போட்டுட்டுப் போறேன்."

"ஓட்டுப் பூடும்யா!"

"மாப்பிள்ளை வேலை பூடும். எது பெருசுன்னு நீங்களே பாத்துக்குங்க." கதவைத் திறந்தவன் திரும்பினான். "அடகு வெச்சத மீட்டுக்கினு வரச் சொன்னீங்களே. வந்துட்டேன் சார்."

வெளியே வரும்போது திலகவதி தண்ணீர்க் கேனிலிருந்து சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுபோயிருந்தது. சொம்பு வழிந்துகொண்டிருந்தது.

இரவு அஞ்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பையன் பாவம் என்று தடுப்பாளோ என்று ஒரு சந்தேகம். அஞ்சம்மாள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "பேசச்சொல்லோ நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லுய்யா. எனக்கு அன்னிக்குக் கேட்டா மாதிரியே கேக்கணும்" என்றாள்.

மறுநாள் மதியம் கம்பெனி கேட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பேண்ட், டீ-ஷர்ட். ஆனாலும் முதுகு சொல்லிவிடும். பச்சையப்பனின் குதிகால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அதற்காகத் தன் கால்மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

"பச்சையப்பன் சாப்?" என்றான் கேப்டன்.

"சாப்னு கூப்பிடாதீங்க சார். அது சுபேதாருங்களுக்கு. அந்தப் படியை உங்க மாமனாரு ஏற உடல."

கேப்டனின் முகம் சுருங்கியது. "சாரி. திலகா நேத்துதான் எல்லாம் சொன்னா. எனக்கு உங்க விஷயமே தெரியாது." கேட் நிழலில் வந்து நின்றான். "கெஞ்ச வரல. பேசக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் பேசினேன். மைக் கைக்கு வந்ததும், எல்லாரும் சிரிச்சதும்... நல்லா இருந்துச்சு."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆனா நான் பேசினது நெசம். நீங்க அடிச்சது ஜோக்கு."

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். அதான் எனக்கு வயிறு எரியுது."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. பச்சையப்பன் கேட்டைத் திறந்துவிட்டு, வண்டி எண்ணைக் குறித்துவிட்டு வரும்வரை கேப்டன் காத்திருந்தான்.

"மாமா சொல்லிடுவாரு," என்றான். "காலையில திலகா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணாரு. அவளுக்காக எதையும் விட்டுக் குடுப்பாரு. நாங்களும் கூட்டத்துக்கு வரோம். உங்க பேரு அங்கயே சரியாகணும். அது என் ஆசையும்தான்."

அவன் போனபின் பச்சையப்பனுக்கு ஒரு கணம் உள்ளே ஏதோ தளர்ந்தது. நல்ல பையன். ஆர்.கே.பேட்டையில் எந்தப் புண்ணியவான் பெற்றதோ. உடனே 'தங்கள் காலில் விழாத குறையாக' என்று நிறுத்தி நிறுத்திப் படித்த குரல் காதில் விழுந்தது. தளர்ந்தது மறுபடி இறுகிக்கொண்டது.

சாயங்காலம் பெருமாள்கண்டிகைப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. மேடை இல்லை, ஒரு மினி லாரியின் பலகையைத் திறந்துவிட்டு அதன்மேல் மைக் வைத்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் கார். அதில் கேப்டனும் திலகவதியும். பச்சையப்பன் முன்வரிசைக்கும் முன்னால், மைக்குக்கு நேர் எதிரே நின்றான். பக்கத்தில் அஞ்சம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

குப்புராஜ் பேச ஆரம்பித்தார். ரோடு, ரேஷன், சுடுகாட்டுக்குக் கொட்டகை. பச்சையப்பன் அசையாமல் நின்றான். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொரு விஷயம். மனசுல பட்டத மறைக்கறவன் இல்ல இந்தக் குப்புராஜ்."

அஞ்சம்மாள் புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தாநேத்து பஜாரு கூட்டத்துல என் மாப்பிள்ளை யூனிபாரத்தோட வந்து மைக்கப் புடிச்சுட்டாரு. நான் வாணாம் வாணாம்னு சொன்னேன். இளரத்தம், கேக்கல. ராணுவத்துக்காரன் அரசியல் பேசறது தப்பு. இதே ஊருல ஒருத்தரு அந்தத் தப்பப் பண்ணாரு. அன்னிக்கு நான் புகார் குடுத்தேன். மாப்பிள்ளைன்னா உட்டுடுவேனா? மத்தியானமே அவரு ஆபீசுக்கு நானே புகார் ஃபேக்ஸ் பண்ணிட்டேன்! ஊருக்கு ஒரு சட்டம், என் ஊட்டுக்கு ஒரு சட்டமா? குப்புராஜ் கிட்ட அது கெடையாது!"

கைதட்டல் இடி மாதிரி இறங்கியது. "தலைவருன்னா இவருதான்பா!" என்று எவனோ கத்தினான். குப்புராஜ் கைகூப்பியபடி பச்சையப்பனைக் குனிந்து பார்த்துப் புன்னகைத்தார். பச்சையப்பனின் சட்டைப் பையில் இருந்த சி.டி. அந்த நிமிஷமே வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டது.

மனுஷன் சொந்த மகளின் வாழ்க்கையைத் தூக்கிப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று மாலை வாங்கிக்கொள்கிறான். இவனை எதைக் கொண்டு அடிப்பது? எல்லைக்கு அந்தப் பக்கம்கூட இப்படி ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

திலகவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எம்.எல்.ஏ. மகள் என்று தெரிந்ததும் வழி தானாகப் பிரிந்தது. லாரியில் ஏற முடியாமல் தடுமாறியவளுக்கு அஞ்சம்மாள்தான் இடுப்பில் கைகொடுத்து ஏற்றிவிட்டாள். குப்புராஜ், பாசத்தில் மகள் காலில் விழ வருகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டினார். அவள் அந்தக் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா வாணாம்னு சொல்லல," என்றாள். குரல் உடைந்திருந்தாலும் தெளிவாகக் கேட்டது. "யூனிபாரத்த இஸ்திரி போட்டு எடுத்து வெக்கச் சொன்னதே அப்பாதான். காலையில என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டு, மத்தியானம் ஃபேக்ஸ் அனுப்பியிருக்காரு. அது இப்பதான் எனக்கே தெரியும்."

"திலகா, மைக்கக் குடு," குப்புராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் வீட்டுக்காரரு பேசக் கூடாது. இதோ நிக்கறாரே இந்த அண்ணன், இவரும் அன்னிக்குப் பேசக் கூடாதாம். நான் எந்த யூனிபாரமும் போடல. நான் பேசலாம் இல்ல?"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இந்த அண்ணன் சொன்னது நெசம். டேங்கர் லாரி எங்க சித்தப்பாது. முன்னெல்லாம் எங்க வீட்டுப் பின்னாடிதான் நிக்கும். ஒரு நாளு அதக் கழுவிவிட்ட தண்ணி ஓடி எங்க தோட்டத்து வாழை அத்தனையும் கருகிப்போச்சு. அப்பா பாத்தாரு. அன்னிலருந்து லாரிய வேற எடத்துல நிறுத்தச் சொன்னாரு. உங்க கால்வாயில கொட்டறத நிறுத்தச் சொல்லல. எங்க வீட்டுக்குக் கேன் தண்ணி வர ஆரம்பிச்சதும் அன்னிலருந்துதான்."

கட்சிக்காரன் ஒருவன் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபையர் வயரைப் பிடுங்கினான். மைக் செத்துப்போனது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாள்.

பின்வரிசையில், "மன்னிப்பு!" என்று முன்பு கேலி செய்தவர்களில் ஒருவன் எழுந்தான். "இன்னா எம்.எல்.ஏ., பொண்ணு சொல்றது நெசமா?" வேறொருவன், "என் மாடு செத்துச்சே, அதுவும் உன் தம்பி லாரி தானா?" என்றான். பெண்கள் லாரியைச் சுற்றி நெருங்கினார்கள். குப்புராஜ் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மைக் இல்லாமல் அந்தக் குரல் முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை. பலகையின் விளிம்பில் காலை விட்டு இறங்கப் பார்த்தார். கீழே இடம் விடுவாரில்லை. கடைசியில் டிரைவர் பக்கமாகக் குதித்து, வேட்டி கிழிய, எவனுடைய ஸ்கூட்டரிலோ தொற்றிக்கொண்டு போனார்.

பச்சையப்பன் அந்த முகத்தை ஒரு நொடிகூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடினால் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்பது போல. மூன்று வருஷமாக அந்த முகத்தில் பார்க்க விரும்பிய அத்தனையும் அதில் இருந்தது. பயம் இருந்தது, அவமானம் இருந்தது, மகள் பக்கம் திரும்ப முடியாத ஒரு குனிவும் இருந்தது. அஞ்சம்மாள் காதருகே, "நிறுத்தி நிறுத்திச் சொன்னா பாத்தியா?" என்றாள்.

கூட்டம் கலைந்து கொத்துக் கொத்தாக நின்று பேசிக்கொண்டிருந்தது. திலகவதி புளியமரத்தடியில் அழுதுகொண்டிருந்தாள். கேப்டன் அவள் பக்கத்தில் கல் மாதிரி நின்றான். ஃபேக்ஸ் போய்விட்டது. அதைத் திருப்பி இழுக்க யாராலும் முடியாது.

பச்சையப்பன் போய் நின்றான். "எப்ப சார் யூனிட்டுக்குப் போறீங்க?"

"நாளைக்கே கிளம்பறேன். கூப்பிடறதுக்கு முன்னால நானே போய் நிக்கறதுதான் மரியாதை."

"டிக்கெட்டு ரெண்டா போடுங்க. நானும் வரேன்."

கேப்டனுக்குப் புரியவில்லை.

"நீங்க வாணாம்னு தலையாட்டினத நான் பாத்தேன் சார். ரெண்டு வாட்டி. கையில மைக்கத் திணிச்சது யாருன்னும் பாத்தேன். இஸ்திரி போடச் சொன்னது யாருன்னு ஊரே கேட்டாச்சு. தப்பு தப்புதான், தண்டனை வரும். ஆனா தூண்டிவுட்டது யாரு, புகார் அனுப்பினது யாரு, ரெண்டும் ஒரே ஆளுன்னு உங்க கர்னலு தெரிஞ்சுக்கட்டும். நான் வந்து சொல்றேன். நான் இப்ப சிவிலியன். எவன் முன்னாலயும் எவனப் பத்தியும் பேசுவேன்."

திலகவதி கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களுக்கு அவ்ளோ கெடுதல் பண்ண குடும்பம்ணே இது. எங்களுக்குப் போய் உதவி செய்யறேன்றீங்களே..."

"கும்பிடாதம்மா," என்றான் பச்சையப்பன். "உன் ஊட்டுக்காரருக்கு உதவின்னு நெனச்சுக்காத. இது உங்கப்பனுக்குச் செய்யறது."